மாத்திரை இலவசம், விழுங்கத் தண்ணீர் எங்கே?



சங்கப் பத்திரிகை என்றால் சம்பளம், கைக்காசு, நிலுவை, வேலை நிறுத்தம் ஆகியவற்றை மட்டும் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். இம்முறை நாம் மஞ்சள் காமாலையையும் எச்.ஐ.வி.யையும் பற்றிப் பேசுகிறோம். ஒன்றைப் பற்றிப் பேசச் சிரிப்பார்கள், மற்றதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். இரண்டும் நமது லயன்களின் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. அதனால் இது சங்கத்தின் வேலைதான்.

நாம் சொல்ல வருவது இதுதான். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இந்த நாட்டின் அரசாங்கக் கிளினிக்குகள் மருந்தை இலவசமாகக் கொடுக்கின்றன. அதை ஒழுங்காக எடுப்பவர் மற்றவர்களைப் போலவே உழைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், முதுமை வரை வாழலாம். ஆனால் அந்த மாத்திரையை விழுங்க அவர் பீலியில் பிடிக்கும் தண்ணீர், மேல் லயத்து மலசலகூடக் குழியைத் தொட்டு வந்த தண்ணீராக இருந்தால்? ஒரு கையால் கொடுத்த உயிரை மறுகையால் பறிப்பதற்கு என்ன பெயர்?

ஹெபடைடிஸ் ஈ என்பது என்ன?

ஈரலைத் தாக்கிக் கண்ணை மஞ்சளாக்கும் வைரஸ்கள் பல உண்டு. பி, சி ஆகியவை இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் வாய் வழியாக உள்ளே போகின்றன. நோயாளியின் மலத்தில் வெளியேறும் வைரஸ் குடிதண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு நோய் வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் ஈயில் குறைவு. ஆகவே இது பெரிதாகப் பரவும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயையும் தாங்கியையும்தான். சில வகைகள் சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாகவும் வரும்.

வைரஸ் உள்ளே போய் 2 கிழமை முதல் 10 கிழமை வரை கழித்துத்தான் நோய் தெரியும். அதற்குள் மழை பெய்து ஓய்ந்திருக்கும், எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பது யாருக்கும் நினைவிராது. நிர்வாகங்களுக்கு இது மிகவும் வசதியான நோய். கேட்டால் "எங்கே சாப்பிட்டீர்களோ?" என்று கையை விரித்துவிடலாம்.

பெரும்பாலானோர் சில கிழமைகளில் சுகமாகிறார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள பெண்ணுக்கு இது வந்தால், நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. 2015ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 44,000 பேர் இந்த நோயால் இறந்ததாக அதே நிறுவனம் கணிக்கிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் நிலை இன்னொரு வகை. மருந்து எடுத்து, உடலின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவருக்கு இந்தக் காமாலை மற்றவர்களுக்கு வருவது போலவே வந்து போகலாம். மருந்து கிடைக்காமலோ பயந்து எடுக்காமலோ எதிர்ப்புச் சக்தி விழுந்து போனவரின் உடல் சில வேளைகளில் இந்த வைரஸை விரட்ட முடியாமல் போகிறது. மாதக்கணக்கில் அது உள்ளேயே தங்கி ஈரலை அரிக்கிறது. இப்படி ஒருவருக்கு நேர்ந்ததை 2009இல் பிரித்தானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இவ்வாறு தங்கிப்போவது பெரும்பாலும் இறைச்சி வழியாக வரும் வகையில்தான் காணப்பட்டிருக்கிறது, தண்ணீர் வழி வகையில் அரிது. ஆனாலும் தங்காமலே ஆளைப் படுக்கையில் போடுவதற்குத் தண்ணீர் வழி வகை போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு, வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஈ தெரியாமலே போகலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனை தேவைப்படும். அது செய்யப்படாவிட்டால், ஈரல் கெட்டது எச்.ஐ.வி. மாத்திரையால்தான் என்று நோயாளியே முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடுவார். அதன்பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமீபியா சொல்லும் பாடம்

ஆபிரிக்காவின் தென்மேற்கில் நமீபியா என்று ஒரு நாடு. 2017இல் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த நாடு அது. அதற்கான மருந்தைத் தன் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் உலகமே பாராட்டிய நாடும் அதுதான்.

அந்த நாட்டின் தலைநகரம் விண்ட்ஹுக். வேலை தேடி வந்தவர்கள் நகரத்தின் ஓரத்தில் தகரக் குடிசைகளில் வாழ்கிறார்கள். பலருக்குச் சேர்ந்து ஒரு பொதுக் குழாய், மலசலகூடம் இல்லாத வீடுகளோ ஏராளம். 2017 டிசம்பரில் அங்கே ஹெபடைடிஸ் ஈ பரவுவதாக அறிவிக்கப்பட்டது. அது ஓய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 8,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரும்.

எச்.ஐ.வி. மாத்திரையைக் குடிசைக்குக் கொண்டுபோகத் தெரிந்த நாட்டுக்கு, அதே குடிசைக்கு ஒரு குழாயையும் மலசலகூடத்தையும் கொண்டுபோக முடியாமற் போனது ஏன்? மாத்திரைக்கு உலகம் பணம் கொடுத்தது. குழாய்க்கோ நகரசபையும் அரசும் நிலத்துக்குச் சொந்தமானவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதா?

பழைய கதை ஒன்றும் உண்டு. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் இந்தியத் தலைநகர் டில்லியில் 29,000 பேர் வரை மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். யமுனை நதியின் ஓட்டம் மாறி, நகரத்தின் கழிவு வாய்க்கால் குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கே திரும்பிப் பாய்ந்ததுதான் காரணம். அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு, பாதுகாத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தெரிந்தது. கழிவு வாய்க்காலும் குடிதண்ணீரும் கலந்தால் தலைநகரமே படுத்துவிடும். அப்படியிருக்க, மலைச்சரிவில் மேலே குழியும் கீழே ஊற்றுமாக வாழும் நமக்கு என்ன பாதுகாப்பு? மேல் டிவிசனின் மலசலகூடக் குழி நிரம்பினால் மழையோடு இறங்கி வருவது கீழ் டிவிசனின் தண்ணீர்த் தாங்கிக்குத்தானே?

"கொதிக்க வைத்துக் குடியுங்கள்"

காமாலை வந்தவுடன் பிரட்டுக்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்படும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள். அத்தோடு நிர்வாகத்தின் கடமை முடிந்தது.

கொதிக்க வைக்கத்தான் வேண்டும். கொதித்த தண்ணீரில் இந்த வைரஸ் சாகும். தாய்மாரே, இன்றிலிருந்தே செய்யுங்கள். ஆனால் அந்த அறிவித்தலை ஒட்டியவரிடம் நாம் சில கேள்விகள் கேட்போம். காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து முடித்து, பொழுது சாய வீடு வரும் பெண் எந்த விறகில், எந்த நேரத்தில், ஆறு பேருக்கான தண்ணீரைக் கொதிக்க வைப்பாள்? ஈர விறகு பொறுக்க மலைக்குப் போனால் காவல்காரர் விரட்டுகிறார். காஸ் விலையோ எல்லோருக்கும் தெரியும். மலையில் கொழுந்து எடுக்கும்போது தாகமெடுத்தால் ஓடையைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? பிள்ளைக் காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை யார் கொதிக்க வைக்கிறார்கள்?

பங்களாவுக்குப் போகும் தண்ணீரைத் தொழிலாளி வீட்டுக் கேத்தல் சுத்தமாக்குவதில்லை. அங்கே தனிக் குழாய், தனித் தாங்கி, வடிகட்டி எல்லாம் இருக்கின்றன. ஒரே தோட்டத்தில் ஒருவருக்குக் குழாயும் இன்னொருவருக்குப் புத்திமதியும் கொடுப்பதை நாம் சுகாதாரம் என்று ஏற்கமாட்டோம்.

"இவர்களுக்கு மலசலகூடம் கட்டிக்கொடுத்தாலும் பாவிக்க மாட்டார்கள்" என்று சொல்லும் துரைமாரும் உத்தியோகத்தர்களும் இன்னும் இருக்கிறார்கள். குழி நிரம்பி, கதவு உடைந்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வராத மலசலகூடத்தை அவர்கள் ஒரு நாள் பாவித்துப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

பழி சுமத்துவது பழைய வழக்கம்

19ஆம் நூற்றாண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுப்பாதையில் நடந்து வந்த நமது முன்னோர் வாந்திபேதியால் வழியெங்கும் விழுந்து செத்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் கொடுக்காதவர்கள், "கூலிகள் நோய் கொண்டு வருகிறார்கள்" என்று சொன்னார்கள். பிறகு மண்டபம் முகாமில் அடைத்து வைத்து மருந்து தெளித்து அனுப்பினார்கள். நோயால் செத்தவனையே நோய்க்குக் குற்றவாளி ஆக்கினார்கள். 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து அதே பாதையில் நடந்தவர்கள் அந்த எலும்புகளையும் நினைத்துத்தான் நடந்தார்கள்.

அதே பழியை இன்று நாமே நம்மவர் மேல் சுமத்தலாமா? வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் மெலிந்து போனால் லயத்தில் குசுகுசுப்பு. கொழும்பில் வேலை செய்த பையன் அடிக்கடி கிளினிக் போனால் குசுகுசுப்பு. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் காமாலை பரவினால், "அந்த வீட்டிலிருந்துதான் வந்தது" என்று ஒரு கதை. கதை பரவும் வேகத்தில் கம்பனி தப்பிவிடுகிறது. அசுத்தத் தண்ணீரைக் கொடுத்தவனை விட்டுவிட்டு, அதே தண்ணீரைக் குடித்து நம்மைவிட அதிக ஆபத்தில் இருப்பவரை விரட்டுகிறோம்.

தெளிவாகச் சொல்கிறோம். எச்.ஐ.வி. தண்ணீரால் பரவாது. கை கொடுத்தாலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலோ, ஒரே பீலியில் குளித்தாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவித்தாலோ, நுளம்பு கடித்தாலோ பரவாது. மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸ் அடங்கிய ஒருவரிடமிருந்து உடலுறவினாலும் பரவாது என்பது இன்று உலக மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. எச்.ஐ.வி. உள்ளவரால் நமக்குக் காமாலை வருவதில்லை. அவருக்கும் நமக்கும் அது ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது.

2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததை நாடே அறியும். ஒரு சின்னப் பையனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி கிளம்பியது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்ட அது காரணமாகாது. அப்படிப்பட்ட வெட்கம் நமது தோட்டங்களில் நடக்கச் சங்கம் அனுமதிக்காது. யார் வீட்டில் எந்த நோய் என்று விசாரிப்பது தலைவர்மாரின் வேலை அல்ல. விசாரிக்கும் தலைவரை நாம் விசாரிப்போம்.

யார் பொறுப்பு?

கம்பனியிடம் கேட்டால் அரசைக் காட்டுகிறது. பிரதேச சபையிடம் கேட்டால் தோட்டக் காணி கம்பனியிடம் என்கிறது. அமைச்சிடம் கேட்டால் நிதியத்தைக் காட்டுகிறது. நாய் இருந்தால் கல்லில்லை, கல்லிருந்தால் நாயில்லை.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்குத் தோட்டம் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே 1912இல் சொன்னது. 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது இலாபம் கம்பனிக்குப் போனது, லயன் நம்மிடமே இருந்தது. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே "சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்ற சாட்டும் இனிச் செல்லாது. சுத்தமான குடிநீரும் மலசலகூட வசதியும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. நாம் தருமம் கேட்கவில்லை.

முடியாது என்று யாரும் சொல்லவும் வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. எப்படி நடந்தது? மலையேறி வந்த குடும்ப நல உத்தியோகத்தரும், கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையும் கர்ப்பிணிகளைத் தேடிப் போய்ச் சேர்ந்ததால் நடந்தது. நமது தோட்டத்துத் தாய்மாரும் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெருமை அது. கர்ப்பிணியின் இரத்தத்தைக் கொழும்பு வரை கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, மலையில் ஊறும் தண்ணீரைச் சுத்தமாக்கி லயத்துக்குக் கொண்டுவரத் தெரியாதா?

இது சம்பளப் பிரச்சினையும்தான்

காமாலை வந்தவர் மூன்று நான்கு கிழமை படுக்கையில். நாட்சம்பளக்காரருக்குச் செக்ரோலில் பேர் விழாது. சேமலாப நிதியும் அந்த அளவுக்குக் குறையும். வீட்டில் இருவர் விழுந்தால் அடகுக்கடைதான் கதி. தேறி வந்தவர் பழைய இறாத்தல் கொழுந்து எடுக்க முடியாமல் அரைப் பேருக்குத் தள்ளப்படுகிறார். போராடி வாங்கிய சம்பள உயர்வை ஒரு குடம் கெட்ட தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது. சங்கம் சம்பளத்தை மட்டும் பேசட்டும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு டிவிசனிலும் குடிநீர் எடுக்கும் ஊற்றைச் சுற்றி வேலியடைத்து, அதற்கு மேலுள்ள மலசலகூடக் குழிகளை நிர்வாகம் இடம் மாற்ற வேண்டும்.

2. தாங்கிகளுக்கு மூடி போட்டு, ஒழுங்காகக் கழுவி, குளோரின் இட வேண்டும். தாங்கியில் இட்டால் போதாது. கடைசி லயத்தின் குழாய் முனையிலும் குளோரின் மிஞ்சுகிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டும். முடிவைத் தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

3. குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், அதற்குள் தண்ணீர். மலையில் வேலை செய்பவர்களுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் கொதித்த தண்ணீரைத் தோட்டமே கொடுக்க வேண்டும்.

4. அசுத்தத் தண்ணீரால் காமாலை வந்த தொழிலாளிக்குப் படுக்கையில் இருந்த நாட்களுக்கும் சம்பளம்.

5. காமாலை பரவும் இடங்களில் ஹெபடைடிஸ் ஈ பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். கர்ப்பிணிகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் முதலில் கவனிக்கப்பட வேண்டும். இரகசியம் காக்கப்பட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே ஒரு கொப்பி திறக்கட்டும். எந்த லயத்துக்கு எந்த ஊற்று, தாங்கி கடைசியாகக் கழுவிய திகதி, குழி நிரம்பிய மலசலகூடங்கள், காமாலை வந்தவர்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை மட்டும், பெயர் வேண்டாம். அதன் பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச சபைக்கும் நிர்வாகத்துக்கும் போகட்டும். கடிதம் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வாந்தியும் பசியின்மையும் இருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு நாட்களைக் கடத்த வேண்டாம். கசிப்பும் சாராயமும் கெட்டுப்போன ஈரலுக்கு நஞ்சு. வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கவும் வேண்டாம். கர்ப்பிணி என்றால் அன்றைக்கே போங்கள்.

எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் சகோதர சகோதரிகளே, இந்தப் பத்திரிகை உங்கள் கையிலும் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். காமாலை வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து தரும் கிளினிக்குக்கே போய்ச் சொல்லுங்கள், ஹெபடைடிஸ் ஈயாக இருக்குமா என்று கேளுங்கள். அது உடலில் தங்கிப்போனாலும் சிகிச்சை உண்டு. உங்கள் நோயை எங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நீங்கள் சந்தா கட்டும் தொழிலாளி என்பது போதும். உங்கள் குழாய்க்காகச் சங்கம் போராடும், அது எங்கள் குழாயும்தான்.

ஹெபடைடிஸ் ஈக்குத் தடுப்பூசி ஒன்றும் உண்டு. 2011இல் சீனாவில் அனுமதி பெற்ற அது, நோய் பரவும் இடமொன்றில் முதன்முதலாகப் போடப்பட்டது 2022இல், தென் சூடானின் பென்டியு இடம்பெயர்ந்தோர் முகாமில். நல்லதுதான். ஆனால் ஊசி வரும்வரை காத்திருக்க வேண்டிய நோய் அல்ல இது. டில்லிக்கும் விண்ட்ஹுக்குக்கும் தேவைப்பட்ட மருந்துதான் நமது டிவிசன்களுக்கும் தேவை. சுத்தமான குழாய், நிரம்பாத குழி, மூடிய தாங்கி.

குழாயைக் கேட்போம்! கூட்டாகக் கேட்போம்! நோயுற்றவரை ஒதுக்கோம், நோயைத் தந்தவரை விடோம்!